மூன்று முறை சென்றும் வீடு பூட்டியிருந்தது

அமிர்தம், விடியுமுன்னே வீடு வீடாகச் செல்லும் வழக்கமுடையவள்.

அங்கன்வாடிப் பணியோடு, வாக்காளர் பட்டியலுக்காக வீடுகளைச் சரிபார்க்கும் பணியும் அவள் தலையில் விழுந்திருந்தது. ஏழு மணிக்கு மேல் போனால் ஊரே கரும்பு வெட்டப் போயிருக்கும், பூட்டுகளைத்தான் பார்த்து வரலாம் என்பாள். ஆகையால் ஐந்தரை மணிக்கே போய், பல் துலக்கிக்கொண்டிருப்பவரையும் விடாமல் பிடித்து, ஆளை நேரில் கண்டு கையொப்பம் வாங்குவாள்.

ஊரார் அவளுக்குச் ‘சேவல்’ என்று பெயர் வைத்திருந்தனர். அவள் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

அன்று பிற்பகல், மேற்பார்வையாளர் தங்கதுரை அவளை மலையடிவாரத்து அலுவலகத்திற்கு அவசரமாக அழைத்திருந்தார். ஐந்து மணிக்குள் தாள்கள் கள்ளக்குறிச்சித் தேர்தல் அலுவலகத்திற்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

மேசைமேல் அறுபத்து நான்கு தாள்கள் இருந்தன. கல்வராயன் மலைமேல் உள்ள மேல்கடுக்கம் என்னும் சிற்றூரின் அறுபத்து நான்கு வீடுகள். அவ்வூருக்குரிய பணியாளர் நீண்ட விடுப்பில் போய்விட்டமையால், மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்காத தங்கதுரையே அவற்றை நிரப்பிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு தாளிலும் மூன்று தேதிகள். மூன்றுக்கும் நேரே ஒரே வாசகம்: வீடு பூட்டியுள்ளது, ஆள் இல்லை.

முதல் தேதி நீல மையில், அடுத்தது கறுப்பில், மூன்றாவது வேறொரு நீலத்தில். மூன்று நாள் போய்வந்தாற்போலத் தோன்ற வேண்டுமல்லவா? பேனாக்கள் மூன்றும் அவர் கையருகே கிடந்தன.

மூன்று முறை பூட்டியிருந்தால் அவ்வீட்டாரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். ஏறத்தாழ நூற்றெழுபது பேரின் வாக்குரிமை, ஒரே பிற்பகலில்.

எழுதுவதற்கு நடுநடுவே அவர் மஞ்சள் போட்டு அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார். கிழங்குப் பொட்டலம் ஒரு தாளின்மேல் இருந்தது. அமிர்தம் அதனை நகர்த்திப் பெயரைப் படித்தாள்.

ராணியம்மாள்.

அவள் பொட்டலத்தையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார், இந்தக் கெழங்க வித்ததே ராணியம்மாதானே. வெளிய புளியமரத்தாண்ட கூடையோட குந்திக்கினு இருக்குதே!”

தங்கதுரை வாய் நிறையக் கிழங்கோடு சிரித்தார். “அப்ப வூடு பூட்டித்தான இருக்கும்? நான் எழுதுனது கரெக்ட்டுதானம்மா!”

சிரிப்பில் தெறித்த துணுக்கொன்று ராணியம்மாளின் பெயர்மேல் விழுந்தது. அவர் அதனைப் புறங்கையால் துடைத்தார். பெயரின்மேல் மஞ்சள் கறை இழுபட்டது.

சன்னலுக்கு வெளியே, இருபதடி தொலைவில், ராணியம்மாள் கூடையை மொய்த்த ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தாள். ஆள் இல்லையாம்.

“மொறைக்காதம்மா. அதுங்க பாதி வருசம் கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போயிடுதுங்க. ஓட்டுப் போட்டு இன்னா கிழிக்கப்போவுதுங்க? ‘உடன் சென்றவர்’னு இருக்குது பாரு, அங்க ஒரு சைன் போடு. மேல நான் பாத்துக்கிறேன்.”

அவர் நீட்டிய பேனாவை அமிர்தம் தொடவில்லை.

“போட மாட்டேன் சார். இது அசிங்கம்.”

தங்கதுரைக்குச் சினம் வரவில்லை. வந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, பழைய கூட்டாளியைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சிமிட்டினார்.

“ஏம்மா, போன எலெக்சனுக்கு மேல்கடுக்கம் உன்கிட்டதான இருந்துச்சி? மழைன்னு சொல்லி வூட்லயே குந்திக்கினு முப்பத்தேழு வூட்ட எழுதிக் குடுத்தியே, மறந்துட்டியா? இந்த மூணு பேனா வித்தையே உன்கிட்ட கத்துக்கினதுதானே!”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அந்த வாக்குப்பதிவு நாளில் அமிர்தம் சாவடி வாயிலில் பட்டியலோடு அமர்ந்திருந்தாள். எட்டுக் கிலோமீட்டர் மலையிறங்கி நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக அடையாள அட்டையை நீட்டினார்கள். பெயர் இராதென்று அறிந்தே, தாள் தாளாக விரலை ஓட்டித் தேடுவதுபோல் நடித்து, “பேரு இல்லைங்க” என்றாள்.

எவரும் கூச்சலிடவில்லை.

“நீ இன்னாம்மா பண்ணுவே, மேல இருக்கறவன் எவனாச்சும் அடிச்சிட்டிருப்பான்” என்று அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, ராணியம்மாள் வந்த வழியே மலையேறினாள். மீண்டும் பெயர் சேர்க்க அவள் பதினொரு முறை மலையிறங்க நேர்ந்தது.

அன்று முதல் தன் வலக்கையைப் பார்க்கவே அமிர்தத்திற்கு அருவருப்பு. இன்று, கிழங்கு தின்னும் அந்த வாயைக் கண்டபோது எழுந்ததும் அதே அருவருப்புத்தான்.

வெளியே தெரிந்தால் அங்கன்வாடி வேலை போய்விடும். அந்த வேலையை நம்பி வீட்டில் நான்கு பேர் இருந்தனர்.

அவள் அறுபத்து நான்கு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தன் பைக்குள் வைத்தாள். தங்கதுரை எழுந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“நாளைக்கு விடியறதுக்குள்ள நானே நடந்து மேல்கடுக்கம் போறேன் சார்” என்றாள் அமிர்தம். “இப்ப கள்ளக்குறிச்சி போயி, இந்தத் தாளுங்களக் காட்டி, அந்த முப்பத்தேழும் நான் எழுதுனதுதான்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன்.”