நாலாவது ஸ்டாப்

பஸ் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்கு நம்மூர் டவுன் பஸ்களைச் செய்து, விளையாடுகிறவர்களுக்குச் சும்மா கொடுத்துவந்தான் அருள்ராயன். "ஊருக்கெல்லாம் பஸ் விடுறீங்க. ஒருத்தனாச்சும் ஒரு டீ வாங்கிக் குடுத்தானா? செஞ்ச வேலைக்குக் கூலி கேளுங்க," என்று அவன் மனைவி ஜெசிந்தா கடைசி வரைக்கும் சொல்லிப்பார்த்தாள். அவள் காய்ச்சலில் செத்துப்போன பிறகு, அவளைப்போலவே ஓர் உருவம் செய்து விளையாட்டின் நாலாவது ஸ்டாப்பில் நிறுத்தினான். பச்சைப் புடவை, பக்கத்து பெஞ்சில் அவளுடைய சாப்பாட்டுப் பை. எந்த பஸ்ஸிலும் ஏறமாட்டாள். ஓட்டுகிறவரைப் பார்த்துச் சிரிப்பாள், அவ்வளவுதான்.

விளையாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், உங்க பஸ் எல்லாத்தையும் நாங்களே வாங்கிக்கிறோம். நல்ல தொகை தர்றோம். நிஜ ஆளுங்க முகம் மட்டும் இருக்கக் கூடாது. அந்த ஸ்டாப்ல நிக்கிறவங்க யாரு சார்?"

"கூலி கேக்கச் சொன்னவங்க," என்றான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, ஸ்டாப்பிலிருந்து அவளை அவனே அழித்தான். பையைத் தனியாகச் செய்திருந்தான். அது பெஞ்சிலேயே கிடந்தது. மறுநாள் விளையாடுகிறவர்களில் முகம் தெரியாத யாரோ அவனுக்கு எழுதியிருந்தார்கள்: "அண்ணே, நாலாவது ஸ்டாப் அக்கா பையை மறந்துட்டுப் போயிட்டாங்க. எந்த பஸ்ல ஏறுனாங்க?"