பின்வரிசையில் ஒரு கிறீச்

"பின்வரிசையில ஒரு டிஸ்க்ரெபன்சி இருக்கு" என்று சொல்லிப் பாட்டை நிறுத்தினார் பாட்டுக்குழுவை நடத்தும் மிஸஸ் ஹேக்.

கிளெமென்ட் அக்ராய்டு உடனே தலைகளை எண்ண ஆரம்பித்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பிஸ்கட் கிடங்கில் சரக்குச் சரிபார்த்தே தலை நரைத்தவர். டப்பா குறைகிறது என்பதைத் தவிர அந்த வார்த்தைக்கு வேறு பொருள் அவருக்குத் தெரியாது.

"எல்லாரும் இருக்கோம் மேடம். ஒருத்தரும் குறையல."

சர்ச் ஹாலே சிரித்தது. மிஸஸ் ஹேக் மட்டும் சிரிக்கவில்லை. லத்தீன் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வார்த்தை கையில் சிக்கினால் லேசில் விடமாட்டார்.

"உங்க கிடங்குக்கெல்லாம் அது அப்புறம் வந்துச்சு, மிஸ்டர் அக்ராய்டு. லத்தீன்ல அதுக்கு, மத்ததோட சேராம தனியா கிறீச்சிடுறதுன்னு அர்த்தம். எண்ணெய் போடாத கதவு மாதிரி. சனிக்கிழமை போட்டி. அந்தக் கதவைக் கூட்டிக்கிட்டு நான் மேடையேற மாட்டேன். யாரு அது?"

யார்க்ஷயர் மழையில் மேடேறி கிளெமென்ட் வாராவாரம் வருவது பாட்டுக்காக இல்லை. தபால் நிலையத்து தெல்மாவின் பக்கத்தில் நிற்பதற்காக. கதவு யாரென்று தெரிந்துவிட்டால் அந்தப் பக்கத்து இடம் போய்விடும்.

தெல்மா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். காது மடல்கள் மட்டும் சிவப்பாக வெளியே தெரிந்தன.

"நான்தான் மேடம்" என்று கையைத் தூக்கினார் கிளெமென்ட்.

இவ்வளவு சீக்கிரம் ஒருவர் ஒப்புக்கொள்வார் என்று மிஸஸ் ஹேக் எதிர்பார்க்கவில்லை. விரட்ட அவருக்கு மனசு வரவில்லை.

"சரி, நில்லுங்க. வாயை மட்டும் அசைங்க. சத்தம் வெளிய வரக் கூடாது. முடியுமா?"

"முயற்சி பண்றேன்" என்றார் கிளெமென்ட், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

பாட்டு மறுபடி தொடங்கியது. கிறீச்சைக் காணோம். மிஸஸ் ஹேக்கின் முகம் மலர்ந்துவிட்டது.

தன் குரலின் லட்சணம் தெரிந்தவர் கிளெமென்ட். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு வரிகூடச் சத்தம்போட்டுப் பாடியதில்லை. அது பக்கத்தில் நின்ற தெல்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது தெல்மாவும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். பாதிப் பாட்டில் கிளெமென்ட் பக்கம் திரும்பி, பாட்டில் இல்லாத ஒரு வரியை உதட்டால் சொன்னார்.

"முடிஞ்சதும் டீ குடிக்கப் போலாமா?"

கிளெமென்ட் தாளம் தப்பாமல் தலையாட்டினார்.