எண்ணெய் பிரிந்த பாட்டில்

"ஏட்டி ஷெர்லி, முற்றம் நிறைய பொம்பளையளு," என்றான் அவள் கணவன் டெல்வின், ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தபடி. "முக்காடு போட்டிருக்காவ. மொகம் தெரியல."

ஷெர்லி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். பக்கத்து ஊர்ச் சந்தையில் நேற்று அவள் விற்ற தேங்காயெண்ணெய் ஷாம்பு, செய்தபோது கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது.

"ஷாம்பு கட்டியா இருக்கட்டும்னு உப்புத் தூளக் கூடுதலா போட்டுட்டேன். அது தண்ணியப் பிடிச்சுக்கிட்டு எண்ணெய மேல தள்ளிட்டு. எல்லா பாட்டிலும் ரெண்டா பிரிஞ்சிருக்கும்."

"அப்போ வாங்கினவங்கதான் ஏச வந்திருக்காவ."

"அடிப்பாவளோ?"

"ஒரு சத்தமும் இல்லியே. அதான் எனக்கும் பயமா இருக்கு."

வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தார்கள்.

எல்லோரும் மெழுகுதிரியோடு முழங்காலில் நின்றார்கள். நடுவே மேசைமேல், வேளாங்கண்ணியில் தீர்த்தம் வாங்கிவந்த மாதா உருவ பாட்டில். நேற்று மீந்த ஷாம்புவை ஷெர்லி அதில்தான் ஊற்றி வைத்திருந்தாள். இப்போது மாதாவின் தோளுக்கு மேல் பொன்னிறத்தில் எண்ணெய் மிதந்தது.

பாட்டிலின் அருகே கரண்டியோடு நின்றாள் மாமியார் மரியபுஷ்பம். கைக்குழந்தையோடு ஒருத்தி அவள் முன்னால் வந்தாள்.

"குடுக்காதீங்க மாமி," ஷெர்லி ஓடிப்போய்க் கரண்டியைப் பிடித்தாள். "அது சோப்பு."

"தண்ணிக்குள்ள இருந்து எண்ணெய் பொங்கி வந்தத நான் கண்ணால பாத்தேன் மக்கா." மரியபுஷ்பம் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "விடியக்காலமே மொத மடக்கு நான்தான் குடிச்சேன். அப்போ இருந்தே மாதா உள்ள என்னமோ செய்யுதாவ."