ஜோடிச்ச வீடு

ஒரு மலையாம், அந்த மலையிலே வாழவந்தின்னு ஒரு ஊராம். ஊர்க் கோடியிலே ஒட்டினாப்போல ரெண்டு வீடாம். ஒண்ணு சாந்தாமேரியோடது, ஒண்ணு கண்ணாயியோடது. எண்பத்து நாலிலே சினிமாக்காரங்க வர்ற வரைக்கும் நடுவிலே வேலிகூடக் கிடையாதாம்.

"அம்மா! சினிமாக்காரங்க மொதல்ல நம்ம ஊட்டைத்தான் கேட்டாங்க. கண்ணாயி பெரிம்மா கெடுத்துட்டாங்க!" மகள் லூர்துசெல்வி காப்பித் தோட்டத்துக்கே ஓடிவந்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

"'அந்த ஊடு ஒழுகுமுங்க, பாம்பு வேற வருமுங்க, என்ற ஊட்டுல எடுத்துக்கங்க'ன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க."

சாந்தாமேரிக்கு வயிறு எரிந்தது. கிறிஸ்துமசுக்கு அடித்த வெள்ளை இன்னும் மங்கவில்லை. பாம்பாம்! லூர்துசெல்விக்குச் சேலத்தில் மாப்பிள்ளை பேசியாயிற்று. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. வீடு சினிமாவில் வந்தால் சம்பந்தி முன்னால் எத்தனை பெருமை! ஒத்தைக்கட்டை கண்ணாயிக்கு எதுக்கு இந்தப் பவுசு?

மத்தியானமே மேகம் இறங்கிவிட்டது. சாந்தாமேரி ஜன்னல் சந்தில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

கண்ணாயி வீட்டு ஜன்னலில் சிவப்பு பல்பு. கதவுக்குப் பூப்போட்ட திரை. நிலையில் மல்லிகைச் சரம். வாசலில் ஆம்பளைச் செருப்பு நாலு ஜோடி. பட்டுச்சேலை கட்டிய ஒருத்தி கதவில் சாய்ந்து நின்றாள்.

"கல்யாண ஊடாட்டம் ஜோடிச்சிருக்காங்க பாரு கண்ணு! உன்ற கல்யாணத்துக்கே என்னால இப்படி முடியாது."

சாயங்காலம் மனசு கேட்காமல் போய் நின்றாள். "அக்கா, அந்த மல்லிச் சரத்தையாவது செல்விக்குக் குடுக்கலாமில்ல?"

"அந்தப் பூவு புள்ளைக்கு வேண்டாம் மேரி."

"பூவுக்குக்கூட மனசு வரலையாக்கும்!"

அக்கா என்ற வார்த்தை அன்றோடு போனது. மறுநாள் நடுவில் மூங்கில் வேலி முளைத்தது.

மார்கழியில் படம் வந்தது. சாந்தாமேரி சேலம் தியேட்டரில், வருங்காலச் சம்பந்தி அற்புதத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

வந்தது அந்தக் காட்சி. ஒரு வார்த்தை பேச்சில்லை. வெள்ளையாக மேகம், அதற்குள் சிவப்பாக ஒரு ஜன்னல். வாசலில் செருப்புகள், ஒவ்வொரு ஜோடியும் ஒவ்வொரு அளவு. கதவில் சாய்ந்த பெண். ஒருத்தன் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தன் செருப்பையும் அங்கே கழற்றினான்.

தியேட்டர் முழுக்க விசில்.

"அட கருமமே, அந்த மாதிரி ஊடா!" என்றாள் அற்புதம். "உங்கூருதானுங்களே? யாரு ஊடுங்க?"

"பக்கத்து ஊடுங்க. நம்மளது இல்லீங்க."

"நல்லவேளை! உங்களுதா இருந்தா எங்க சனத்துக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

சாந்தாமேரிக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி. பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேராக வேலிக்குப் போனாள். கண்ணாயி ஜன்னலுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, உங்க ஊட்டைப் பாத்தேனுங்க. என்னா விசிலு, என்னா விசிலு! பொய் சொல்லிப் புடுங்கினீங்களே, ஆண்டவர் எப்படிக் காட்டினாரு பாத்தீங்களா?"

"ஆமா. ரெண்டு நாளா பஸ்ஸுல போறவனெல்லாம் இந்த ஜன்னலப் பாத்து இளிக்கிறான்."

"பாவம், என்ன சீனுன்னு உங்ககிட்ட மொதல்லயே சொல்லாம உட்டுட்டாங்களா?"

"சொன்னாங்களே." பிரஷ் நிற்கவில்லை.

"எப்பங்க?"

"உன்ற ஊட்டு வாசல்ல நின்னு, பல்பை எங்க மாட்டலாம்னு பாத்துட்டிருந்தாங்க. செவப்பு பல்பு எதுக்குங்கன்னு கேட்டேன். சொன்னாங்க."

சாந்தாமேரியின் கை வேலி மூங்கிலைப் பிடித்தது. "அப்புறம் ஏன்... அக்கா?"

"உன்ற ஊட்டுல கல்யாணத்துக்குப் புள்ள இருக்குது மேரி. என்னைய எவன் பொண்ணு கேட்டு வரப்போறான்?"

சொல்லிவிட்டு, காலி வாளியை எடுத்துக்கொண்டு கண்ணாயி குழாயடிக்கு நடந்தாள்.