மாடி காலியாக வேண்டும்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தொழிலைப் பெரிதாக்க ஆசைப்பட்ட ஒரு தையல்காரியின் கதை சொல்கிறேன்.

"வேலை என்னன்னு முதல்லயே தெளிவாப் பேசிடணும்மா. முடிஞ்ச பிறகு, நான் சொன்னது இது இல்லைன்னு வரக்கூடாது" என்றார் வந்தவர். காலி பண்ணுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லித் தரகர் அனுப்பியிருந்தார்.

தையல்காரி வெட்டுமேசையில் சாக்பீஸால் கடையின் மாடியை வரைந்து காட்டினாள். "இந்த ஓரமா மெஷினுங்க, அந்த மூலையில காஜா மெஷின். கீழ எதையும் தொட வேணாம். மாடியில எங்கண்ணன் இருக்கார். அவரைக் காலி பண்ணணும்."

"தனியாவா இருக்கார்?"

"தனிக்கட்டை. கேட்டா நாளைக்கு நாளைக்குன்னு இழுப்பார். என் பேச்சு அவர்கிட்ட எடுபடாது."

"எப்போ முடியணும்?"

"திங்கட்கிழமை மெஷின் வந்து இறங்குது. அதுக்குள்ள."

அவர் தலையாட்டினார்.

"சத்தம் கூடாதுங்க. அண்ணன் மனசும் நோகக்கூடாது."

"யாருக்கும் நோகாது."

"வண்டி நீங்களே கொண்டுவந்துடுவீங்களா?"

"வண்டி எதுக்கும்மா? நான் ஒருத்தனே போதும்."

தலைச்சுமையாகவே இறக்கிவிடுவார் போலிருக்கிறது, கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டாள். தன் வீட்டுப் பின்னறையைக் கழுவி, கட்டிலில் புது விரிப்பு போட்டு, அண்ணனின் ரேடியோவுக்கு ஒரு பலகையும் அடித்து வைத்திருந்தாள். எலியும் பூனையுமாகச் சண்டை போட்டாலும், அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு அண்ணன்தான். இனி இரண்டு வேளையாவது அவள் கையால் சாப்பிடுவார்.

ஞாயிறு காலையில் போன் வந்தது. "காலி பண்ணியாச்சும்மா. வந்து பாத்துக்கங்க."

அவள் ஓட்டமும் நடையுமாகப் படியேறினாள். வாசலில் அண்ணனின் செருப்பு கிடந்தது. உள்ளே கட்டில், பீரோ, கொடியில் காயும் சட்டை எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. வந்தவர் ஜன்னலோரம் நின்று நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, ஒரு சாமான்கூட நகரலையே. காலி பண்ணியாச்சுன்னு சொன்னீங்க?"

அவர் முகத்தில் நிஜமான குழப்பம்.

"சாமானையா சொன்னீங்க? அண்ணனைத்தானேம்மா."

உங்கள் வீடு என்றைக்கும் ஆளும் பேருமாக நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா.