வாசலில் ஒரு படகு

இராஜபாளையம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஓட்டை அலுமினியப் படகை, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வாசலில் போட்டு ஒரு மாதமாகத் தட்டிக்கொண்டிருந்தார் கருத்தப்பாண்டி. ஓட்டைகளை அடைத்தாயிற்று. இன்று அதன் மோட்டாரைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கிக் கயிற்றை இழுத்ததும், படபடவென்று ஓடியது.

“ஊர்ல சொட்டு மழை இல்ல. இத எந்தக் கண்மாயில கொண்டு விடப் போறிய? தெருவே சிரிக்கு,” என்றாள் மனைவி ராஜக்கனி.

“எங்கயும் கொண்டு போக வேண்டாம். இங்கனயே விடலாம்.”

“வாசல்லயா?”

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீடுகளைப் பார்த்தார்.

“ஏட்டி, மெதுவாப் பேசு. இந்தத் தெருவே கண்மாய்தான். நான்தான பிளாட் போட்டு வித்தேன்? வாங்குறவுக நம்பணும்னுதான் மொத வீட்ட நாமளே கட்டுனோம்.”