நாரையின் மூன்றாவது கேள்வித்தாள்

ஒரு குளத்துத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றித் தவளைகளின் மனம் எப்படி மாறுகிறது என்று ஆராய, படித்த நாரை ஒன்று மூன்றாம் தடவையாகக் கேள்வித்தாளோடு வந்து நின்றது.

பார்த்ததுமே கிழட்டுத் தவளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குளம் வத்துறது சம்மதமான்னு முதல்ல கேட்டீங்க, இல்லைன்னேன். அப்புறம் தண்ணியே தேவைப்படாத தேரை ஒண்ணைக் கூட்டிவந்து ஒரு மணி நேரம் பேசவெச்சிட்டு, மறுபடி அதையே கேட்டீங்க. அப்பவும் இல்லைன்னேன். இன்னும் எத்தனை தடவைய்யா கேட்பீங்க?"

"கோபப்படாதீங்கம்மா. மத்தவங்க எல்லாரும் மாறிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி," என்றது நாரை. "குளம் வத்தினா என்ன நன்மைன்னு நீங்களே ரெண்டு வரி எழுதிக் குடுங்க. தன் கையால எழுதினா மனசு தானா மாறும்னு கண்டுபிடிச்சிருக்கோம்."

தவளை தாளை வாங்கிச் சேற்றில் போட்டு மிதித்தது.

"மோட்டார் வெச்சவன் மனசு மாறுமான்னு ஒரு தடவையாவது போய்க் கேட்டீங்களா?"

நாரை உண்மையாகவே யோசித்தது. "அவர் எங்க ஆய்வுல வரமாட்டாரே," என்றது. பிறகு குறிப்பேட்டைத் திறந்து, 'பதினேழாம் தவளை: பிடிவாதம் அதிகம். நான்காவது சந்திப்பு தேவை' என்று எழுதியது.

"நல்லா எழுதுங்க," என்றது தவளை. "முதல் தடவை முட்டியளவு தண்ணியில நின்னுக்கிட்டு எழுதினீங்க. அடுத்த தடவை இங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதலாம்."